பூட்டை இழுத்துப் பார்ப்பவள்

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் குப்பத்தில் ஒருவர் நெஞ்சில் கை வைப்பார், இன்னொருவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அது பின்னால் வரும்.

முதலில் பூட்டு. பழவேற்காடு பஜாரில் ஐஸ் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். சாயங்காலம் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்குவாள். பாதிப் படியில் நின்றுவிடுவாள். திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். அவள் அங்கே வேலை பார்த்த அத்தனை நாளும் இதே கூத்து. ஐஸ் கடைக்காரர் கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

"உடும்மா, பூட்டு அழுவுது."

"நேத்து நல்லா பூட்டிச்சுண்ணே. நேத்து நேத்தோட போச்சு. இன்னைக்குப் பூட்டிச்சானு பாக்க வேணாமா?"

"அதான் இப்பதானே பூட்டின?"

"பூட்டினது நான். பூட்டிக்கிச்சானு பூட்டுதானே சொல்லணும்?"

நான் படியடியில் நின்று பல்லைக் கடிப்பேன். பஸ் போய்விடும். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவளோடு ஒரே அறையில் குப்பை கொட்டியதுதான் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி, அதிலும் நான் தேறவில்லை.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு எங்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு, வீட்டுக்கு வீடு சுற்றிவரும். அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாடு கிடைத்தால் அந்த வீட்டில் அன்றைக்குத் திருவிழா. சேற்று மூலையில் கிடைத்தால் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். யார் முறை என்று ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழவில்லை என்று அடிதடி வரை போனபிறகு, குப்பத்துத் தலைவரே சென்னையில் ஒரு கம்பெனியைப் பிடித்து, போனில் முறை வருகிற மாதிரி ஒரு ஆப் கேட்டார். கம்பெனி பழவேற்காட்டிலேயே ஒரு சின்ன ஆபீஸ் போட்டது. குப்பத்திலிருந்து படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நான் அதற்குக் கோட் எழுதினேன். டவுனில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்தெருவைச் சேர்ந்த அவள் டெஸ்டிங்.

டெஸ்டிங் என்றால் ஏதோ இரண்டு பட்டனைத் தட்டிப் பார்ப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவள் பட்டனைத் தட்டுவதில்லை. தட்டுவதற்கு ஸ்கிரிப்ட் எழுதினாள். ஆப்பில் எது எது சரியாக நடக்க வேண்டுமோ ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரிப்ட். எது ஒருமுறை கெட்டுப்போய்ச் சரிசெய்யப்பட்டதோ அதற்கும் ஒன்று. விடிவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் தானாகவே எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டும். நன்றாக இருந்தால் பச்சை வரி, கெட்டிருந்தால் சிவப்பு வரி. ரிக்ரஷன் டெஸ்ட் என்பார்கள். புதிதாக ஒன்றைச் செய்யப்போய்ப் பழையது எதையாவது கெடுத்துவிட்டோமா என்று பார்ப்பது. ஒரு முறை என் நைனா, "நீ இன்னா வேலம்மா பாக்கற?" என்று அவளைக் கேட்டார். அவள் இதையெல்லாம் சொன்னாள். நைனா அவர் மடியில் கிடந்த வலையைக் காட்டி, "இங்க ஒரு கிழிசல் தெச்சா முழு வலையையும் கையில உருவிப் பாக்கறோமே, அது மாதிரியா?" என்றார். "அதேதான் நைனா, ஆனா தினமும்," என்றாள். என் நைனாவை அவளும் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வீட்டில் வாப்பா.

ஒரு நாள் ஒரு பட்டன் நீலமாக இருந்ததைப் பச்சையாக்கினேன். அவ்வளவுதான் செய்தேன், சத்தியமாக. அவள் மொத்த ஸ்கிரிப்டையும் ஓட்ட உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி, கலர் மாத்தினேன். கலருக்கு எதுக்கு எல்லாத்தையும் ஓட்டற?"

"கலர்தான் மாத்தினேனு சொல்றது நீ."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நீ பொய் சொல்லல. கோட் சொல்லும்."

சொல்லித்தான் தொலைத்தது. பட்டனைத் தேடிப்போன இடத்தில் ஒரு வரியைத் தவறுதலாக அழித்திருந்தேன். தேதி தெரியாமல் போய்விட்டது. சிவப்பு வரியைக் காட்டி அவள் சிரிக்கவில்லை, நக்கல் பண்ணவில்லை. கைப்பையிலிருந்து வேர்க்கடலை உருண்டையை எடுத்துப் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

வீட்டிலும் அவள் இப்படித்தான். பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வரும். சட்டி வந்து சேர்வதற்குள் போன் வரும், உப்பு சரியாக இருக்கிறதா என்று. அவள் உம்மாவுக்குச் சமையலில் ஊரறிந்த கை. "உங்க உம்மா கையில எந்த வருஷம்டி உப்பு தப்பிச்சு?" என்று அம்மா கேட்டால், "போன வருஷம் சரியா இருந்துச்சும்மா, நான் இந்த வருஷத்தைக் கேக்கறேன்," என்பாள்.

அவளைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து வந்தார்கள். பெரியவர்கள் ஒரு பக்கம் பேச, இவளையும் மாப்பிள்ளையையும் வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். மறுநாள் ஆபீஸில் வந்து ஒப்பித்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போலாமானு கேட்டேன். தாராளமான்னாரு. அப்புறம் டீ வந்துச்சு. ஊர்க்கதை பேசினோம். மறுபடி அதையே வேற மாதிரி கேட்டேன். வீட்ல கேட்டு சொல்றேன்னாரு."

"அப்புறம்?"

"கிளம்பறப்போ செருப்பு மாட்டிக்கிட்டே இன்னொரு தடவை கேட்டேன். அதுக்கு இன்னா அவசரம்னாரு." கையைத் தட்டினாள். "ஒரே கேள்வி, மூணு பதில். சிவப்பு."

"மனுஷன்டி அது! ஸ்கிரிப்டு இல்ல."

"அதான் சொல்றேன். ஸ்கிரிப்டா இருந்தாலாவது சரி பண்ணலாம்."

உம்மா தலையில் அடித்துக்கொண்டார். வாப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தாராம்.

ஆனால் குப்பத்துக்காரர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வாரத்தில் ஒரு நாள் பாலம் தாண்டி குப்பத்துக்கு வந்துவிடுவாள். மீன் விற்கப் போகும் பெண்களிடம் போனைக் கொடுத்து, "தப்புத் தப்பா அமுக்குங்க பாக்கலாம்," என்பாள். அவர்களுக்குக் கொண்டாட்டம். ஒருத்தி போனைத் தலைகீழாகப் பிடிப்பாள், ஒருத்தி மீன் செதிலோடு இருக்கும் விரலால் தேய்ப்பாள். எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய் அதற்கெல்லாம் ஸ்கிரிப்ட் எழுதுவாள். எந்த வீட்டில் நுழைந்தாலும் போன வாரம் கேட்டதையே முதலில் கேட்பாள். முதுகு வலி தேவலையா, மாடு கன்று போட்டுச்சா, பையன் பரீட்சை எழுதினானா. போன வாரமே பதில் சொன்னோமே என்றால், அது போன வாரம் என்பாள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவள் ஒரு வாரம் வராவிட்டால், "டவுன் பொண்ணு எங்க காணோம்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது சாவுக்கு வருகிறேன்.

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு ஏரியில் யாரும் வலை கட்டக் கூடாது. கட்டியிருந்தாலும் அவிழ்த்துவிட வேண்டும். அன்றைக்கு யார் முறையோ அவருக்கு அந்தப் பாடு மறுநாளைக்குத் தள்ளும், மற்றவர்களுக்கும் ஒவ்வொரு நாள் தள்ளும். இதுவும் ஆப்பில் வர வேண்டும் என்றார் தலைவர். நான் எழுதிவிட்டேன். அதை டெஸ்ட் பண்ண ஒரு சாவு வேண்டும். தினமும் வேண்டும்.

"ஏதாவது பேர் போடு. அ, ஆ, இ, ஈ," என்றேன்.

"இல்லாத ஆளை வெச்சு டெஸ்ட் பண்ணா இல்லாத தப்புதான்டி கிடைக்கும். ஊர்ல இருக்கிற அத்தனை பேர் பேரும் போன் நம்பரும் அப்படியே காப்பி எடுத்து வெச்சிருக்கேன். அதுல ஒருத்தர் சாவணும்."

"யாரை?"

யோசித்தாள். குப்பத்தில் யார் பெயரைப் போட்டாலும் விஷயம் தெரிந்தால் அந்த வீட்டார் சும்மா விடமாட்டார்கள். எந்த அம்மா தன் மகன் பெயரைத் தினமும் சாவுப் பட்டியலில் போட ஒத்துக்கொள்வாள்? கடைசியில் அவள் தன் பெயரையே அந்தக் காப்பியில் சேர்த்துவிட்டாள். தலைவரிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நீ டவுனு. மெய்யாலுமே செத்தாகூட எங்க வலை நிக்காது. முறை குப்பத்து ஆளுங்களுக்குத்தான்."

"அதனாலதான் தலைவரே தைரியமா சாவறேன்," என்றாள்.

அன்றிலிருந்து விடியலுக்கு முன்னால் தினமும் அவள் செத்தாள். ஸ்கிரிப்ட் அவள் பெயரைத் துக்கத்தில் போடும், பாடு எல்லாம் ஒரு நாள் தள்ளுகிறதா என்று பார்க்கும், பிறகு அவளை அதிலிருந்து எடுத்துவிடும், பாடு எல்லாம் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்கும். ஊருக்கு எந்த எஸ்எம்எஸ்ஸும் போகாது. அந்தக் காப்பியிலிருந்து எஸ்எம்எஸ் வெளியே போகாதபடி ஆரம்பத்திலேயே பூட்டு போட்டு வைத்திருந்தோம். நான் காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும், "செத்தியா?" என்பேன். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "செத்தேன், எழுந்தேன், பச்சை," என்பாள். டீ வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பிப்போம். இந்தப் பேச்சைக் கேட்டு ஐஸ் கடைக்காரர் எங்கள் இரண்டு பேருக்குமே மண்டை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

அந்த வருஷம் என் நைனாவுக்கு நேரமே சரியில்லை. முகத்துவாரத்துப் பாடு ஒரு சுற்றில் வந்தபோது புயல் எச்சரிக்கை. யாரும் போகவில்லை. புயலுக்கெல்லாம் முறை தள்ளாது. அடுத்த சுற்றில் வந்தபோது முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தது. இறால் எங்கே ஓடும்? மூன்றாவதாக, மழை முடிந்து முகத்துவாரம் நன்றாகத் திறந்து, இறால் துள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பாடு நைனாவுக்கு வந்தது. இதை விட்டால் சீசன் முடிந்துவிடும். அந்த ஒரு நாளை நம்பித்தான் வீடு இருந்தது. அம்மா ஒரு வாரமாக அந்த நாளின் பெயரைச் சொல்லியே கடன் கேட்டு வந்த எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபீஸில் அவளுக்கும் இது தெரியும். "நைனா பாடு என்னைக்கு?" என்று தினமும் கேட்பாள். தேதி மாறவில்லை என்று நானும் தினமும் எரிந்து விழுவேன்.

முந்தின நாள் அவள் தலை சுற்றுகிறது என்று மத்தியானமே கிளம்பிவிட்டாள். ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தேன்.

மறுநாள் வெளிச்சம் வரும் நேரத்தில் நைனாவும் அவர் கூட்டாளிகளும் கழி ஊன்றி வலை கட்டி முடித்திருப்பார்கள். நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. அம்மா போனும் அடித்தது. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், தெரு முழுக்க அடித்தது. எடுத்துப் பார்த்தேன். துக்கச் செய்தி என்று போட்டு அவள் பெயர். காலமானார். இன்று ஏரியில் வலை இல்லை.

தினமும் அவளைச் சாகடிக்கிற ஸ்கிரிப்ட் எனக்குத் தெரியும். தெரியாதா என்ன? ஆனால் அந்தச் சாவு ஒரு நாளும் போனுக்கு வந்ததில்லை. நேற்றுத் தலை சுற்றுகிறது என்றவள். அவளுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மா ஏற்கெனவே தெருவில் இறங்கிவிட்டாள். "ஐயோ, அந்தப் பொண்ணு! போன வாரம்கூட என் முட்டி வலியைக் கேட்டுச்சே!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. ஷேர் ஆட்டோவில் பாதிப் பேர், நடந்து பாதிப் பேர், பாலம் தாண்டி டவுனுக்குப் போனோம். ஏரியைப் பார்த்தேன். கட்டிய வலைகளை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. முகத்துவாரத்துப் பக்கத்திலிருந்தும்.

அவள் வீட்டுத் தெருமுனையில் பெண்கள் மாரடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வாப்பா கேட்டில் நியூஸ் பேப்பரோடு நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல் விழித்தார். சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். வாயில் பிரஷ், கன்னமெல்லாம் பேஸ்ட் நுரை.

அம்மாதான் முதலில் போனாள். பளாரென்று ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வெளாட்டாடி உனக்கு? இதெல்லாமா வெளாட்டு?"

யாரோ போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். படித்தாள். அறை வாங்கியதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்தைத் துழாவினாள். பின்னால், இடுப்பு வரை நனைந்த லுங்கியோடு, தோளில் துண்டோடு நைனா நின்றுகொண்டிருந்தார்.

"வலையை அவுத்துட்டீங்களா நைனா?"

"அவுத்துட்டேம்மா," என்றார் நைனா. "பரவால்ல. நீ உசுரோட கீறே இல்ல, போதும்."

அவள் அப்படியே நுரையோடு கேட்டடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படி அழுது அவளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நடந்தது ஆபீஸில் போய்ப் பார்த்ததும் தெரிந்தது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஏற்பாட்டை முந்தின நாள் சாயங்காலம் சென்னையில் எங்கள் மேனேஜர் சார் வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தார். பழைய ஏற்பாட்டில் நாங்கள் போட்டிருந்த பூட்டு புதியதில் இல்லை. மொத்த ஊரின் நிஜமான நம்பர்களும் காப்பியில் இருந்தன. ஸ்கிரிப்ட் வழக்கம்போல அவளைக் கொன்றது, இந்த முறை, கொஞ்சம் தாமதமாக, ஊருக்கே சொல்லிவிட்டது. பாடு தள்ளுகிறதா என்பதற்கு ஸ்கிரிப்ட் இருந்தது. போனைத் தலைகீழாகப் பிடிப்பதற்குக்கூட இருந்தது. பூட்டு பூட்டியிருக்கிறதா என்பதற்கு இல்லை.

"சார் மாத்தினாருடி. உனக்குச் சொல்லவே இல்ல. நீ இன்னா பண்ணுவ?" என்றேன்.

"யார் மாத்தினா இன்னா? அதைக் கண்டுபிடிக்கத்தானே நான் இருக்கேன்?" என்றாள். "ஒரே ஒரு பூட்டை இழுத்துப் பாக்காம உட்டுட்டேன்டி. அது நைனா தலையில விடிஞ்சிருக்கு."

சாயங்காலம் வலைக் கொட்டகையில் ஊர் கூடியது. மறுநாள் முகத்துவாரத்துப் பாடு ஏகாம்பரம் மாமாவுக்கு. சாவு என்று ஏற்றுக்கொண்டால் அவர் பாடு தள்ளி, அந்த நாள் நைனாவுக்குப் போகும். சாவு இல்லை என்றால் நைனாவின் பாடு போனது போனதுதான். ஏகாம்பரம் மாமா கெட்டவரில்லை. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், இறால் எத்தனை நாளைக்கு ஓடும் என்று யாருக்குத் தெரியும்?

"எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல," என்றார் அவர். "முறைனா முறை. ஆள் செத்தாத்தான் பாடு தள்ளும். தோ, முழுசா நிக்கிறா."

ஆமாம், நின்றுகொண்டிருந்தாள். வாப்பாவைக் கூட்டிக்கொண்டு அவளே வந்திருந்தாள். "மாமா சொல்றது நியாயம்தான்," என்றாள். "தப்பு என்னுது. நைனாவுக்கு இன்னா பண்றதுனு எனக்குத் தெரியல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டார், அது அவர் குணம். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது, யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி. நான் ஒண்ணு கேக்கறேன். செய்தியில யார் பேர் வந்துச்சு?"

"இந்தப் பொண்ணு பேரு."

"இது எந்த ஊரு?"

"டவுனு."

"டவுன்ல சாவு விழுந்தா நாம வலையைத் தூக்குவோமா? நம்ம முறையில அது கீதா? இல்ல இல்ல? அப்ப இன்னாத்துக்குடா எல்லாரும் அவுத்தீங்க? ஒருத்தனாவது, இது டவுன் பொண்ணாச்சே, நமக்கு இன்னானு கேட்டீங்களா?"

வெளியே ஒரு நாய் குரைத்தது.

"கேட்டது யாரு? கையைத் தூக்கு."

யாரும் தூக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலையில் அந்த யோசனையே யாருக்கும் வரவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது போலிருந்தது. எனக்கும்தான்.

"முதல்ல யார் அவுத்தது?" என்றார் தலைவர்.

ஏகாம்பரம் மாமா தலையைச் சொறிந்துகொண்டே, "நான்தான்," என்றார். அன்றைக்கு அவர் சேற்று மூலைப் பாட்டில் இருந்தார். "போன்ல பேரைப் பாத்தேன். கை ஓடல. அவுத்துட்டு, இவரையும் நான்தான் கூவினேன்." நைனாவைக் காட்டினார். அப்புறம் அவராகவே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி உடு. நாளைக்கு அவரே கட்டட்டும். ஆள் சாவலைனாலும் துக்கம் நடந்துடுச்சே, அதை இல்லைனா சொல்ல முடியும்?"

"அவ்ளோதான்," என்றார் தலைவர். "துக்கம் மெய். பாடு தள்ளுது." பிறகு அவளைப் பார்த்துக் கையை நீட்டி, "உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. பின்னாடி என்னைக்காவது நீ மெய்யா சாவறப்போ இதுக்காக மறுபடி ஊரைக் கூட்ட வேணாம். உனக்கும் எங்க வலை நிக்கும்னு இன்னைக்கே முடிவாயிடுச்சு," என்றார்.

கொட்டகையே சிரித்தது. வாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

மறுநாள் நைனா வலை கட்டினார். இறால் வந்தது. முந்தின நாள் கட்டியிருந்தால் இன்னும் வந்திருக்குமோ என்னவோ, அதை யார் கண்டது? வீடு நிமிர்ந்தது. அம்மா ஒரு கூடை இறாலை எடுத்துக்கொண்டு போய் அவள் உம்மாவிடம் கொடுத்துவிட்டு, அறைந்த கன்னத்தைத் தடவிவிட்டு வந்தாள். அவள் சும்மா இருப்பாளா? சாயங்காலம் போன் வந்தது, நைனாவுக்கு நேற்று நனைந்ததில் ஜலதோஷம் ஏதும் பிடிக்கவில்லையே என்று.

சென்னையில் சார் பயந்துபோய், அந்தச் சாவு ஸ்கிரிப்டையே தூக்கிவிடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டால் அது மறுபடி கெடும்போது யாருக்கும் தெரியாது என்றாள். தூக்குவதற்குப் பதிலாக இன்னும் இரண்டு எழுதினாள். ஒன்று, ஊர்க்காரர்களின் நம்பரையெல்லாம் காப்பியிலிருந்து எடுத்துவிட்டு எங்கள் இருவர் நம்பரை மட்டும் வைத்து, பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு. இன்னொன்று, தவறான துக்கச் செய்தி போய்விட்டால் அதைத் திருப்பி வாங்கும் செய்திக்கு. அந்தச் செய்தியில் என்ன எழுதுவது என்று தலைவரைக் கேட்டாள். நான் நல்ல தமிழில், முந்தைய தகவல் தவறானது, வருந்துகிறோம் என்று எழுதி வைத்திருந்தேன். தலைவர் அதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதையெல்லாம் எவன் படிப்பான்? அன்னைக்கு எங்களுக்கு இன்னா தெரியணும்னு நெனச்சோம்? ஆள் கீறாளா இல்லியா, அதான். ஆள் கீறா, வலை போடலாம். அவ்ளோதான் எழுது."

அப்படியே எழுதினாள். அதுவும் தினமும் ஓடியது. செத்தாள், எழுந்தாள், கடைசி வரியில் பச்சையாக, ஆள் கீறா, வலை போடலாம்.

அப்புறம் ஒரு மாப்பிள்ளை வந்தார். டீக்கு முன்னாலும், டீக்குப் பின்னாலும், செருப்பு மாட்டும்போதும் ஒரே பதிலைச் சொன்னார். கடைசித் தடவை, "இதை மறுபடி எப்பக் கேப்பீங்க?" என்று வேறு கேட்டாராம். அதிலேயே அவள் விழுந்துவிட்டாள். கல்யாணம் ஆகி பெங்களூர் போய்விட்டாள். அங்கேயும் இதே வேலை, பெரிய கம்பெனி. கிளம்பும் நாளில் ஆபீஸ் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கியவள் பாதியில் நின்றாள். ஐஸ் கடைக்காரர் கீழேயிருந்து, "போய் இழுத்துப் பாத்துட்டு வாம்மா," என்றார்.

இப்போது பூட்டை இழுத்துப் பார்ப்பது நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் பெயர் ஸ்கிரிப்டில் அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் மாற்றலாமா என்று கேட்டார்கள், கையை உடைப்பேன் என்றேன். கடைசி வரி விடியலுக்கு முன்னால் என் போனுக்கு வரும்படி வைத்திருக்கிறேன். நைனா ஏரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு முறை கேட்பார், "கீறாளா?" நான் போனைப் பார்த்து, "கீறா நைனா," என்பேன். துடுப்பை எடுத்துக்கொண்டு போவார். இது எப்போது பழக்கமாயிற்று என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

போன வாரம் ஒரு நாள் வரி வரவில்லை. நைனா வாசலில் நின்றார்.

"கீறாளா?"

"வரி வரல நைனா. சர்வர் படுத்துடுச்சு போல. நீங்க போங்க, ஆபீஸ் போய்ப் பாத்துக்கறேன்."

நைனா நகரவில்லை.

"போன் போடு."

"ஐயோ நைனா, அது கம்ப்யூட்டர் கோளாறு. அவளுக்கு இன்னா? நேத்து சாயங்காலம்கூட பேசினேன். நல்லாதான் கீறா."

"நேத்து நேத்தோட போச்சு," என்றார் நைனா. "போடு."

போட்டேன். மணி அடித்தது. கொஞ்ச நேரம் அடித்தது. நைனா துடுப்பைச் சுவரில் சாய்த்தார். அப்புறம் எடுத்தாள். வாயில் எதையோ வைத்துக்கொண்டு, குழறலாக, "இன்னாடி இந்த நேரத்துல?" என்றாள். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம். என் கையிலிருந்து போனை நைனா வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார். "நீ பல்லு வெளக்கு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, துடுப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார்.